ஹெட்போனில் வந்த தமிழ்: கொழும்பில் ஆறு நாள்

ஆகஸ்ட் 26

"விடுமுறைக்கு எங்க டீச்சர்?" என்று அதிபர் கேட்டார். கொழும்புக்கு, கூட்டம் கேட்க என்றேன். "இங்க இல்லாத கூட்டமா?" என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. மட்டக்களப்பில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் எங்களைப் பற்றிக் கொழும்பில் என்ன கதைக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது பின்வரிசையில் இருந்து கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கனநாள் ஆசை.

அக்காவின் மகள் வெள்ளவத்தையில் தாய் தகப்பனோடு இருந்து சட்டம் படிக்கிறாள். கைச்செலவுக்கு உரைபெயர்ப்பு வேலைக்குப் போகிறாள். மேடையில் ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசிக்கொண்டிருக்க, மண்டபத்தின் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அதே நேரத்தில் தமிழில் சொல்கிற வேலை. ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அதனால் இந்தக் கிழமை கொழும்பில் பேச்சு, திரையிடல், கண்காட்சி என்று வரிசையாக இருக்கிறது. போன மாதமே அவள் ஒரு போஸ்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சின்னம்மா, வாறீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

போஸ்டர் மூன்று மொழியிலும் இருந்தது. சிங்களம் மேலே பெரிதாக, ஆங்கிலம் கீழே அழகாக, தமிழ் நடுவில் நசுங்கி. 'கலந்துறையாடல்' என்று போட்டிருந்தார்கள். வாத்தியார் கை சும்மா இருக்குமா, சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். றகரத்தை விட எனக்குக் குத்தியது தலைப்புத்தான். 'காணாமல் போனோர் தினம்.'

பேனை காணாமல் போகும். மழைக்குக் கொண்டுபோன குடை காணாமல் போகும். எங்கள் மாமா காணாமல் போகவில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், ஆயிரக்கணக்கான அகதிச் சனங்களுக்கு நடுவில், காலை நேரத்தில் இராணுவம் வந்து வரிசையில் நிற்கவைத்து, தலையாட்டியைக் (முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுப்பவனை) கொண்டு பிரித்தெடுத்து ஏற்றிக்கொண்டு போனது. அன்று கொண்டுபோனது 158 பேரை. எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ கண்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்ததற்கு 'போனோர்' என்று பெயர் வைத்தால், அவர்கள் ஏதோ சந்தைக்குப் போய் வழி தவறிவிட்ட மாதிரி இருக்கிறது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். விடியப்புறம் வெளிக்கிட்டு ஏறாவூரில் உதயதேவி ரயிலைப் பிடித்தேன். வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டியில் மகாவலி. பொலன்னறுவை தாண்டும் வரை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு நித்திரை. கோட்டையில் இறங்கிக் கரையோர ரயிலுக்கு மாறினேன். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல். எத்தனை தரம் வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்த ரயிலில்தான் ஏறுவேன்.

வீட்டில் அக்கா இடியப்பமும் சொதியும் வைத்திருந்தா. அத்தான் வழக்கம் போல, "மட்டக்களப்புத் தயிர் எங்க?" என்றார். மறந்துவிட்டேன். ஆறு நாளும் இதைச் சொல்லிக் காட்டுவார்.

ஆகஸ்ட் 27

இன்றைய பேச்சு பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றியது. மண்டபம் கொழும்பு ஏழில். நேரம் இருந்ததால் அக்காவின் மகள் (எனக்கும் மகள்தான்) என்னைப் பொரளைப் பக்கம் கூட்டிப்போய்க் கின்சி டெரஸில் இறக்கினாள். மர நிழலான, சத்தமில்லாத தெரு. இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் இங்கேதான் இருக்கிறது. அதன் பணிப்பாளராக இருந்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 காலையில் அலுவலகத்துக்கு வரும் வழியில் ரோஸ்மீட் பிளேஸ் சந்தியில் கொல்லப்பட்டார். புலிகளின் தற்கொலைக் குண்டு. அரசியல் தீர்வு யோசனை எழுதிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ச் சட்ட அறிஞரைத் தமிழரே கொன்றதைப் பற்றி எங்கள் ஊரில் அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த வயது, பயம் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று இன்று சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் நடந்தால் கனத்தை மயானம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் உடல்களை 1983 ஜூலை 24 இரவு இங்கே கொண்டுவருவதாக இருந்தபோதுதான் கலவரம் தொடங்கியது. அக்கா இருக்கிற வெள்ளவத்தையும் அந்தக் கிழமை எரிந்த இடம். பொரளையைத் தாண்டினால் வெலிக்கடைச் சிறை. அந்த ஜூலையில் இரண்டு நாளில் 53 தமிழ்க் கைதிகள் உள்ளேயே கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் ஒரு மணித்தியால நடைக்குள் அடங்கிவிடுகிறது. நடக்கிற தூரத்தில் நல்ல கேக் கடைகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஒன்றில் ஏறி இறங்கினோம்.

பேசிய சட்டத்தரணி கெட்டிக்காரி. 1979இல் 'தற்காலிக ஏற்பாடு' என்று மூன்று வருடத்துக்குக் கொண்டுவந்த சட்டம், 1982இல் நிரந்தரமானது. பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம். 2022 திருத்தத்தில் அது 12 மாதமானது. ஆனால் சட்டத்தின் முள் அங்கே இல்லை என்றா. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்கு முன்னால் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்கலாம். அது அடித்து வாங்கியது என்று நிரூபிக்கிற பாரம் அடிவாங்கியவன் தலையில். சாதாரணச் சட்டத்தில் பொலிசாருக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லாது. இதை அவ விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது: அடி விழுந்த அறையில் சாட்சிக்கு நிற்பவர் அடித்தவர் மட்டும்தானே, பிறகு யாரைக் கூப்பிட்டு நிரூபிப்பது?

எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு முக்கால்வாசி விளங்கியது, மிச்சத்தை மகள் காதில் சொன்னாள். "கேள்விகளை எந்த மொழியிலும் கேட்கலாம்" என்று தலைவர் பெருந்தன்மையாக அறிவித்தார். பின்வரிசையில் ஒரு வயதான ஐயா எழும்பித் தமிழில் கேட்டார். மகன் உள்ளே இருந்தபோது எழுதி வாங்கிய வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது, மகனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, அப்படியானால் அது யாருடைய வாக்குமூலம்? மண்டபம் அமைதியானது. கேள்வியின் கனத்தில் இல்லை, ஒருவருக்கும் விளங்காததில். தலைவர் கண்ணால் யாரையோ தேடினார். கடைசியில் என் மகள்தான் எழும்பி, சம்பளமில்லாமல், மொழிபெயர்த்தாள். அவள் சொல்லி முடித்தபோது கேள்வி சுருங்கி, பணிவாகிவிட்டிருந்தது. ஐயா கேட்டபோது அதில் கோபம் இருந்தது.

பிறகு தேநீர், பெற்றிஸ், ரோல்ஸ். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பிள்ளை என்னிடம் வந்து தலையைச் சாய்த்து, மிகவும் மெதுவாகத் தமிழில் கேட்டாள்: "அம்மா, நீங்கள் பாதிக்கப்பட்டவரா?"

"இல்லை மகள், டீச்சர்" என்றேன்.

ஆகஸ்ட் 28

இன்று நிகழ்ச்சி இல்லை. காலையில் 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்துக்குப் போய் நூலகத்தில் இருந்தேன். மின்விசிறிச் சத்தம், பழைய சஞ்சிகை வாசனை, பேப்பர் படிக்கிற பென்சன்காரர்கள். 1942இல் தொடங்கிய சங்கம். கொழும்பில் யாரும் என்னை யார் எவர் என்று கேட்காத இடம் இது ஒன்றுதான்.

மத்தியானம் மகள் நாளைய வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டுச் சொற்களை எழுதி வைத்திருக்கிறாள். பொறுப்புக்கூறல், இழப்பீடு, நிலைமாறுகால நீதி. கடைசிச் சொல்லைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருதரம் ஊரில் ஒரு பயிற்சிப் பட்டறையில் இந்தச் சொல்லைக் கேட்ட மாமி, அந்த மாமாவின் மனைவி, "நிலை எங்க மாறினது?" என்று என்னிடம் கேட்டா. பட்டறை நடத்தியவர் பாவம், பதிலுக்கு ஒரு வரைபடம் கீறிக் காட்டினார்.

மாமி சும்மா கேட்கவில்லை. 1994இல் நியமித்த வலய ஆணைக்குழுவுக்குச் சாட்சி சொன்னவ. 2010இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும், 2013இல் போட்ட ஆணைக்குழுவுக்கும் அதே கதையைச் சொன்னவ. கடைசியாக, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அலுவலகம். அதன் தமிழ்ப் பெயர்ப் பலகையில் 'காணாமற்போன ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. நான்கு இடத்துக்கும் ஒரே பிளாஸ்டிக் பைல், ஒரே கல்யாணப் படம். படத்தில் மாமாவுக்கு இருபத்தெட்டு வயது. அவரைத் தேடுகிற மாமிக்கு இப்போது அறுபத்தெட்டு.

இந்த விஷயத்தை மகளிடம் விட்டுவிடாமல் பிடித்தேன். சிங்களத்திலும் இதே சண்டை இருக்கிறதாம். 'அதுருதஹன் வூ' என்றால் மறைந்த. 'அதுருதஹன் கள' என்றால் மறையச் செய்த. வடமொழி அந்தர்த்தானத்திலிருந்து வந்த சொல் என்று அவளுடைய சிங்கள நண்பன் ஒருவன் சொன்னானாம். எனக்கு உடனே புராணம் ஞாபகம் வந்தது. வரம் கொடுத்துவிட்டுத் தெய்வம் அந்தர்த்தானமாகும். இங்கே என்ன வரம் கொடுத்தார்கள்?

2018இல் நிறைவேறிய 5ஆம் இலக்கச் சட்டத்தில் 'வலிந்து காணாமல் ஆக்குதல்' என்று குற்றமாகவே எழுதியாகிவிட்டது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் கொட்டகை போட்டுக் குந்திய தாய்மாரின் வாயில் அந்தச் சொல் அதற்கு முன்பே வந்துவிட்டது. 'ஆக்கப்பட்ட' என்று செயப்பாட்டு வினையில் சொன்னால், ஆக்கியவன் யார் என்ற கேள்வி வாலில் தொங்கிக்கொண்டே வரும். இலக்கண வகுப்பில் செயப்பாட்டு வினைக்கு நான் இருபது வருடமாகக் கொடுக்கிற உதாரணம் 'பாடம் ஆசிரியரால் நடத்தப்பட்டது.' வெட்கமாக இருந்தது.

பின்னேரம் காலிமுகத்திடல். 1956 ஜூன் 5இல், தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கியது இந்தப் புல்தரையில்தான். 2022 ஏப்ரலில் ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லி இளைஞர்கள் கூடாரம் அடித்ததும் இங்கேதான். மகள் அப்போது புதிதாகப் பல்கலைக்கழகம் போனவள், கூடார நூலகத்தில் புத்தகம் அடுக்கியிருக்கிறாள். அந்த மே 18 அன்று, போரின் கடைசி நாட்களை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை இங்கே கொடுத்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். "உப்புக் காணாது என்று ஒருத்தி சொன்னாள் சின்னம்மா, கஞ்சிக்கு உப்புப் போடுறதில்லை என்று சொல்ல எனக்குத் தொண்டையால வரேல்ல" என்றாள். இப்போது பட்டம் விடுகிறார்கள். இஸ்ஸோ வடை வாங்கினோம். இறால் அழகாக மேலே குந்தியிருந்தது, வடை கல்லு.

ஆகஸ்ட் 29

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

திரையிடல் மூன்று மணிக்கு. வாசலில் ஒரு மேசை, மேசையில் ஹெட்போன்கள். ஒன்று வேண்டுமென்றால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பத் தரும்போது அட்டையைத் தருவார்கள். எல்லாக் கூட்டத்திலும் இதுதான் நடைமுறையாம். சிங்களம் தெரிந்தவர்களும் ஆங்கிலம் தெரிந்தவர்களும் நேரே உள்ளே போனார்கள். மேசையில் நின்றது நாங்கள்தான், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றா. மேசைப் பிள்ளைக்கு ஏன் என்று விளங்கவில்லை. சுற்றிவளைப்பில் முதலில் வாங்குவது அட்டையைத்தான். அட்டை திரும்பி வந்தால் ஆள் வீட்டுக்கு வருவான். எங்கள் தலைமுறையில் இது எழுதாத பாடம். கடைசியில் அந்த அம்மா ஹெட்போன் இல்லாமலே உள்ளே போய்விட்டா. ஏற்பாட்டாளர்கள் கெட்டவர்கள் இல்லை. நூறு ரூபாயை அடகாக வாங்கலாமே என்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நான் என் அட்டையைக் கொடுத்தேன். கொடுத்த பிறகு இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

படம் அரை மணித்தியாலம், தெற்கில் 1988, 89இல் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது நடந்தது பற்றி. படம் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. வயலின் அளவுக்கு மிஞ்சி. கடற்கரையில் தனியாக நடக்கிற பெண், அலை, மறுபடி வயலின். துக்கத்துக்கு எப்போது கடற்கரையைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள் தெரியவில்லை. அதற்குப் பிறகு மாத்தறையிலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பேசக் கூப்பிட்டார்கள். எண்பதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சேலை. மைக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை.

அவ சிங்களத்தில் தொடங்க, என் காதுக்குள் மகளின் குரல் தொடங்கியது. உரைபெயர்ப்பாளர்கள் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை, 'நான்' என்றே சொல்வார்கள். இது எனக்குத் தெரியும், ஆனால் காதில் விழுந்தபோதுதான் தெரிந்தது. இருபத்துநாலு வயதுப் பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவள், என் காதுக்குள் சொல்கிறாள்: "என் மூத்த மகன். உயர்தரம் எழுதிப்போட்டு வீட்டில் இருந்தான்." இன்னொன்றும் நேற்றுச் சொல்லியிருந்தாள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதென்றால் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தடுமாற வேண்டும். சிங்களம் அப்படியில்லை. சொல் வரிசை ஏறக்குறைய எங்களுடையதேதான், வினை கடைசியில்தான் வரும். அதனால் அந்த அம்மா மூச்சு விடுகிற இடத்தில் என் பிள்ளையும் மூச்சு விட்டாள்.

"நம்பர் இல்லாத ஜீப்பில் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் முகாமுக்குப் போனேன். இங்கே இல்லை என்றார்கள். ஒரு சாரமும் சவர்க்காரமும் கொண்டுபோயிருந்தேன். காவலுக்கு நின்ற பிள்ளை அதை வாங்கினான். வாங்கினபடியால் மகன் உள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நாளும் ஒரு சாரம் கொண்டுபோனேன். வாங்கினான். மூன்றாம் நாள்..."

குரல் நின்றுவிட்டது. மேடையில் அம்மாவின் வாய் அசைகிறது, என் காதில் சத்தமில்லை. பற்றரி போய்விட்டது என்று நினைத்து ஹெட்போனைத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். பிறகு பெட்டிக்குள் இருந்த மற்ற உரைபெயர்ப்பாளர் பேச்சை எடுத்தார். ஆண் குரல். "மூன்றாம் நாள் சாரத்தை வாங்கவில்லை" என்றது. அந்தத் தாய் பாதியிலிருந்து ஆண் குரலில் பேசினா. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மகள் தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியாமல் திறந்துகொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகு பேச்சாளர் ஒருவர் வரலாறு சொன்னார். யாழ்ப்பாணத்தில் 1984இலேயே அன்னையர் முன்னணி என்று தாய்மார் தெருவுக்கு வந்தார்கள். தெற்கில் 1990 ஜூலையில் மாத்தறையில் அதே பெயரில் ஒன்று தொடங்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில் கொழும்பில் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவைக் கடத்திக் கொன்று கடலில் போட்டிருந்தார்கள். அவருடைய தாய் மனோராணி சரவணமுத்து, தமிழ் டொக்டர், தெற்குத் தாய்மாரோடு சேர்ந்து நின்றவ. தன் மகனின் உடலாவது தனக்குக் கிடைத்தது, அந்த மட்டில் தான் கொடுத்துவைத்தவள் என்று அவ நினைத்தாவாம். அந்த இடத்தில் மாமியை நினைத்துக்கொண்டேன்.

1990 என்று நாங்கள் சொல்லும்போது செப்டெம்பரைச் சொல்கிறோம். கேள்வி நேரத்தில் ஒரு சிங்கள மனிதர் எழும்பி ஜூனைச் சொன்னார். அவருடைய அண்ணன் கிழக்கில் பொலிஸ் கான்ஸ்டபிள். சரணடையச் சொல்லி மேலிடம் சொன்னது, சரணடைந்தார்கள், புலிகள் கொண்டுபோனார்கள். அப்படி அந்த ஜூனில் கொல்லப்பட்ட பொலிசார் நூற்றுக்கணக்கானோர். ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேல். அடுத்த கிழமை ஏறாவூர். நான் ரயில் ஏறுகிற ஏறாவூர். என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி டீச்சர் ஒவ்வொரு ஆகஸ்ட் 3க்கும் லீவு எடுப்பா, நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை, தெரியும் என்பதால். எங்கள் ஊர்க் கூட்டங்களில் இந்தத் திகதிகளைச் சொன்னால், "இப்ப இது எதுக்கு?" என்பார்கள். அந்தக் கான்ஸ்டபிளின் தம்பி கேட்டதும் மேடையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. நேரம் போய்விட்டது என்றார்கள்.

முடிந்த பிறகு மாத்தறை அம்மாவிடம் போனேன். என் சிங்களம் கடைச் சிங்களம். வந்தாறுமூலை, மாமா, 158 என்று கையால் காட்டினேன். என் கையைப் பிடித்து, "அனே பவ், நங்கி" என்றா. பவ் என்றால் பாவம். எங்கள் சொல் போலவே அதற்கும் இரண்டு பொருள், இரக்கப்படுகிற பாவமும் செய்கிற பாவமும்.

இரவு மகள் சாப்பிடவில்லை. அழுததற்காக இல்லை. "எட்டு செக்கன் விட்டுட்டன் சின்னம்மா, வேலைக்கு இனிக் கூப்பிட மாட்டினம்" என்று பயம்.

ஆகஸ்ட் 30

இன்று கொழும்பில் மூன்று நிகழ்ச்சி. ஒன்றுக்கும் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டையில் நீர்கொழும்பு பஸ் ஏறி, சீதுவையில் ரத்தொலுவச் சந்தியில் இறங்கினேன். அங்கே காணாமல் ஆக்கப்பட்டோருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது, ஓவியர் சந்திரகுப்த தேனுவர வடிவமைத்தது. கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஒரு தொழிலாளர் தகராற்றில் நின்ற இரண்டு பேர் 1989 ஒக்டோபர் 27இல் கொல்லப்பட்டார்கள். அதனால் வருடா வருடம் கூட்டம் கூடுவது ஒக்டோபர் 27இல். சர்வதேச தினமானாலும் இன்று நாங்கள் போன நேரத்தில் ஒரு குருவி இல்லை.

சுவர் முழுக்கப் படங்கள். பாடசாலைச் சீருடையில், கல்யாணக் கோட்டில், அடையாள அட்டைக்கு எடுத்த முறைப்போடு. வெயிலில் சில முகங்கள் வெளுத்து, தலைமயிரும் மீசையும் மட்டும் மிச்சம். அநேகம் சிங்களப் பெயர்கள். மகள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள், நான் வயதைக் கணக்குப் பார்த்தேன், பதினெட்டு, இருபத்தொன்று, இருபது. தலைக்கு மேல் கட்டுநாயக்கவுக்கு விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. இந்தச் சுவராவது நிற்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட எம்பிலிப்பிட்டிய மாணவர்களுக்காக 1999இல் பாராளுமன்றத்துக்குக் கிட்டக் கட்டிய நினைவிடம் இன்று இல்லை. பூங்கா வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சுவர்கூடக் கிடையாது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் மண் இருக்கிறது. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கு மேல் எலும்புத் தொகுதிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் நீல நிறப் பள்ளிக்கூடப் பை. கண்டெடுத்த உடுப்புகளை அடையாளம் காட்டச் சொல்லிச் சனங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமியும் போகிறேன் என்று நின்றா. மட்டக்களப்பிலிருந்து கொண்டுபோனவரை ஏன் யாழ்ப்பாணத்தில் புதைக்கப் போகிறார்கள் என்று மச்சான்மார் மறித்தார்கள். "உனக்குத் தெரியுமா எங்க புதைச்சவன் என்று?" என்று மாமி கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளின் போனுக்குச் செய்தி வந்தது. அடுத்த மாதம் இரண்டு நாள் வேலை இருக்கிறதாம். அன்று பேச்சைப் பாதியில் எடுத்த அந்த அண்ணர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். வழியில் சீனிச் சம்பல் பணிஸ் வாங்கித் தந்தாள், தன் செலவில்.

ஆகஸ்ட் 31

திரும்பும் ரயில். அக்கா கட்டித் தந்த சோற்றுப் பார்சல், அத்தானின் கடைசிச் சொல் "தயிர்". போஸ்டர் போட்டவர்களுக்கு இரவே ஒரு மெயில் எழுதினேன். 'போனோர்' என்பதை 'ஆக்கப்பட்டோர்' என்று மாற்ற வேண்டும் என்றும், ஹெட்போனுக்கு அடையாள அட்டை வாங்க வேண்டாம் என்றும். மாஹோ வருவதற்குள் பதில் வந்துவிட்டது, ஆங்கிலத்தில். முதலாவதைக் கவனிக்கிறோம், இரண்டாவது வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்தின் விதி.

வெலிக்கந்தை தாண்டியதும் மகள் கூப்பிட்டாள். அடுத்த வேலைக்குக் கொப்பியில் சொல் சேர்க்கிறாள். "சின்னம்மா, குளோஷர் என்று ஒரு சொல். தமிழில என்ன போடுறது? முடிவு என்றால் சரிவராது. ஆறுதல் என்றாலும் இல்லை."

எனக்கு உடனே வந்தது ஆடி அமாவாசைதான். தகப்பன் இல்லாதவர்கள் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். மச்சான்மார் இரண்டு பேரும் ஒரு வருடமும் இறைத்ததில்லை, மாமி விடமாட்டா. பொட்டும் அழிக்காதவ. இந்த முறை மூத்தவர் யாருக்கும் சொல்லாமல் விடிய எழும்பிப் போயிருக்கிறார். குளக்கரையில் ஐயர், "தகப்பன் பேர், திதி?" என்று கேட்டாராம். பேரைச் சொன்னார். திதி என்ன சொல்வது? ஏற்றிக்கொண்டு போன நாளையா? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எள்ளை மடியில் கட்டிக்கொண்டே திரும்பி வந்துவிட்டார். அந்த எள்ளு இப்போதும் வீட்டுச் சாமித் தட்டில் ஒரு கடதாசிச் சுருளில் இருக்கிறது. மாமி பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை, எடுத்து எறியவும் இல்லை.

இதை எப்படி ஒரு சொல்லாக்கிக் கொப்பியில் எழுதச் சொல்வது? "யோசிச்சுச் சொல்றன் புள்ள" என்றேன். அவள் ஏதோ திருப்பிக் கேட்டாள். அதற்குள் புணானைக் காடு வந்துவிட்டது, சிக்னல் இல்லை.